‘ஆக’ என்று முடிந்தால் அட்வெர்ப் தானா?

வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு விண்ணப்பக் கடிதத்தில் “ஐ வில் ஒர்க் ஹார்ட்லி” என்று எழுதி அனுப்பினேன். கடுமையாக உழைப்பேன் என்று சொல்வதாக நினைப்பு. ஹார்ட்லி என்றால் ‘அநேகமாக இல்லை’ என்று பொருள். வேலையே பார்க்க மாட்டேன் என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. அழைப்பு வரவில்லை.

ஆங்கிலத்தில் எங்கே அட்ஜெக்டிவ் (பெயரை விவரிக்கும் சொல்), எங்கே அட்வெர்ப் (வினையை விவரிக்கும் சொல்) போடுவது என்று கண்டுபிடிக்க, அதன் பிறகு நான் பழகிக்கொண்ட முறை இது.

படி 1: தமிழில் எழுதி, வினைச்சொல்லைப் பாருங்கள்

‘ஆன’ என்று முடிந்தால் அட்ஜெக்டிவ், ‘ஆக’ என்று முடிந்தால் அட்வெர்ப் என்று படித்திருப்பீர்கள். அழகான என்றால் பியூட்டிஃபுல், அழகாக என்றால் பியூட்டிஃபுலி. பாதி தூரம் இது சரி. மீதிப் பாதியில்தான் நாம் வழுக்கி விழுகிறோம்.

அவள் அழகாகப் பாடுகிறாள்.
அவள் அழகாக இருக்கிறாள்.

முதலாவது “ஷீ சிங்ஸ் பியூட்டிஃபுலி”. இரண்டாவது “ஷீ இஸ் பியூட்டிஃபுல்”. இங்கே பியூட்டிஃபுலி வராது. தமிழில் இரண்டுக்கும் ஒரே ‘அழகாக’தான். ஆனால் முதலாவதில் பாட்டு எப்படி என்று சொல்கிறோம், இரண்டாவதில் ஆள் எப்படி என்று சொல்கிறோம். ஆகவே வெறும் ‘இரு’ மட்டும் வினைச்சொல்லாக நின்றால் அட்ஜெக்டிவ் போடுங்கள். ‘நடந்துகொண்டிருக்கிறாள்’ போன்றவை இதில் சேராது. அங்கே வினை ‘நட’.

டேஸ்ட், ஸ்மெல், லுக், சவுண்ட், ஃபீல் ஆகிய ஐந்தும் இரண்டு பக்கமும் பேசும். சாம்பார் நன்றாக இருக்கிறது என்பதை “தி சாம்பார் டேஸ்ட்ஸ் குட்” என்கிறோம். டேஸ்ட்ஸ் இருக்கும் இடத்தில் ‘இஸ்’ போட்டுப் பாருங்கள். “தி சாம்பார் இஸ் குட்” பொருள் தருகிறது, எனவே அட்ஜெக்டிவ் சரி. இப்போது அம்மா உப்பு பார்க்க, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்க்கிறார்: “அம்மா டேஸ்ட்ஸ் தி சாம்பார் கேர்ஃபுலி”. இங்கே ‘இஸ்’ போட்டால் அம்மாவே சாம்பார் ஆகிவிடுவார்! அப்படியானால் அட்வெர்ப்தான்.

“அம்மா நல்லா இருக்காங்களா?” என்று யாராவது கேட்டால் மட்டும் “ஷீ இஸ் வெல்” என்று தாராளமாகச் சொல்லலாம். உடல்நலத்தைச் சொல்லும்போது வெல் என்பதும் அட்ஜெக்டிவ்தான்.

படி 2: கடைசியில் ‘லி’ சேருங்கள், ஆனால் எல்லாவற்றிலும் இல்லை

க்விக் க்விக்லி ஆகும், ஸ்லோ ஸ்லோலி ஆகும். குட் மட்டும் வெல் ஆகிவிடும். ஃபாஸ்ட் மாறவே மாறாது. ஃபாஸ்ட்லி என்று ஒரு சொல் வழக்கில் இல்லை. ஃபிரெண்ட்லி, லவ்லி இரண்டும் ‘லி’யில் முடிந்தாலும் அட்ஜெக்டிவ்.

படி 3: பொருள் மாறிவிடாமல் பாருங்கள்

சில சொற்களில் ‘லி’ சேர்த்தால் பொருளே மாறிவிடும். என் ஹார்ட்லி இந்த வகை; “ஐ வில் ஒர்க் ஹார்ட்” என்று எழுதியிருக்க வேண்டும். பஸ் தாமதமாக வந்தால் “தி பஸ் கேம் லேட்”. லேட்லி என்றால் ‘சமீப காலமாக’. நியர், நியர்லி இரண்டையும் நினைவில் வைக்கத் தமிழே உதவும்: நியர் என்றால் கிட்ட, நியர்லி என்றால் கிட்டத்தட்ட.

படி 4: இடத்தை மாற்றுங்கள்

‘ஆங்கிலம் நன்றாகப் பேசுகிறாள்’ என்பதில் ‘நன்றாக’ வினைச்சொல்லை ஒட்டி நிற்கிறது. அதே பழக்கத்தில் “ஷீ ஸ்பீக்ஸ் வெல் இங்கிலிஷ்” என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் வினைக்கும் அதன் செயப்படுபொருளுக்கும் நடுவே அட்வெர்பை நுழைக்கக் கூடாது. “ஷீ ஸ்பீக்ஸ் இங்கிலிஷ் வெல்” என்று கடைசிக்குத் தள்ளுங்கள். ஆல்வேஸ், ஆஃபன் போன்றவை மட்டும் வினைக்கு முன்னால் வரும்: “ஷீ ஆல்வேஸ் கம்ஸ் லேட்”. ‘இஸ்’ இருந்தால் அதற்குப் பின்னால்: “ஷீ இஸ் ஆல்வேஸ் லேட்”.

சரி, இப்போது ஒரு பயிற்சி: ‘அவர் காப்பியைச் சூடாகக் குடித்தார்’. வினை ‘குடி’, அதனால் அட்வெர்ப் என்று தோன்றும். ஆனால் சூடு காப்பியில் இருக்கிறது, குடிப்பதில் இல்லை. “ஹீ டிராங்க் தி காஃபி ஹாட்” என்பதே சரி. ஹாட்லி போட்டால் அவர் காப்பியோடு சண்டை போட்ட மாதிரி இருக்கும்.