லேத்தின் கியர் லிவர் நகரவில்லையா? பைப்பைத் தேடாதீர்கள்

லேத்தின், அதாவது கடைசல் மெஷினின், கியர் லிவர் இறுகிக்கொண்டால் கை முதலில் தேடுவது ஒரு பைப் துண்டை. அதை லிவரில் மாட்டி, உடம்பு எடையைப் போட்டு ஓர் அழுத்து. சில சமயம் ‘டக்’ என்று விழுந்துவிடும், வேலையும் ஓடிவிடும். விழுந்தது கியரா, உள்ளே ஏதாவது விட்டுப்போனதா என்பது பிறகுதான் தெரியும். லேத்தில் நான் பார்த்த செலவுகளில் பாதிக்கு மேல் முதல் பழுதால் வந்தவை அல்ல, அந்த ஓர் அழுத்தால் வந்தவை.

ஹெட்ஸ்டாக்குக்குள், அதாவது லேத்தின் இடது பக்கக் கியர் பெட்டிக்குள், இருக்கும் ஏற்பாடு ரொம்ப எளிது. லிவரின் தண்டு உள்ளே போய் கவை போன்ற ஒரு ஃபோர்க்கை நகர்த்துகிறது. ஃபோர்க்கின் கால்கள் கியரில் வெட்டிய காடியில் உட்கார்ந்திருக்கும். லிவரைத் திருப்பினால் ஃபோர்க் அந்தக் கியரை ஸ்ப்லைன் ஷாஃப்ட் (நீளவாக்கில் காடிகள் வெட்டிய தண்டு) மேல் இப்படியோ அப்படியோ தள்ளி இன்னொரு கியரோடு சேர்க்கும். போன இடத்திலேயே நிற்பதற்கு ஒரு ஸ்டீல் பாலும் அதன் பின்னால் ஒரு ஸ்பிரிங்கும் இருக்கும். இவ்வளவும் கை பலத்துக்காகச் செய்தது. பல மெஷின்களில் ஃபோர்க் வார்ப்பிரும்பு. அது வளையாது, விரிசல் விடும்.

அதனால் அழுத்துவதற்கு முன்னால் மெயின் சுவிட்சை ஆஃப் செய்துவிட்டு, வேலைப் பொருளைப் பிடிக்கும் சக்கிலிருந்து அதன் கீயைக் கழற்றி வைத்துவிட்டு, லிவரை மெதுவாக அசைத்துப் பாருங்கள். கோளாறு எங்கே என்று கையே சொல்லிவிடும். பாதி தூரம் லேசாக வந்து திடீரென முட்டி நின்றால் பல்லோடு பல் முட்டுகிறது. இருந்த இடத்தை விட்டே கிளம்பவில்லை என்றால் பால், ஸ்பிரிங் பக்கம் சந்தேகப்படலாம், அல்லது தண்டு துரு பிடித்து இறுகியிருக்கலாம். முழுத் தூரமும் கனமாக, பசை போல வந்தால் எண்ணெய். லிவர் லொடலொடவென்று ஆடி, உள்ளே எதுவும் நகரவில்லை என்றால் லிவரைத் தண்டோடு பிடிக்கும் பின் அறுந்திருக்கும் அல்லது ஃபோர்க் போயிருக்கும். இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல் மூடியைத் திறப்பதும் தவறுதான்.

பெரும்பாலும் முதல் வகைதான். இரண்டு கியரின் பல் முனைகளும் நேருக்கு நேர் நிற்கின்றன. ஒரு கையால் லிவரில் லேசான அழுத்தம் கொடுத்துக்கொண்டே மறு கையால் சக்கைக் கொஞ்சம் சுற்றினால் பல் இடுக்கில் பல் இறங்கிவிடும். இது எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காத ஒன்று உண்டு. இரண்டு லிவர் இருக்கும் ஹெட்ஸ்டாக்கில் சிக்காத லிவரை நியூட்ரலில் விட்டுவிட்டுச் சக்கைச் சுற்றுவார்கள். சக்கைத் தாங்கும் ஸ்பிண்டில் மட்டும் சுகமாகச் சுற்றும். சிக்கிய கியர் ஜோடி மோட்டார் பக்கம் இருந்தால் அது அசையவே அசையாது. அரை மணி நேரம் சுற்றிவிட்டு, ‘கையால் சரியாகவில்லை’ என்று பைப்புக்குப் போவார்கள். மற்ற லிவரைக் கியரில் போட்டுவிட்டுச் சக்கைச் சுற்றுங்கள். குறைந்த ஸ்பீடில் சக் கனமாக இருந்தால், மெயின் ஆஃபில் இருப்பதை இன்னொரு முறை உறுதி செய்துகொண்டு, மோட்டார் பக்கப் புல்லியைக் கையால் நகர்த்துங்கள். பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் விரல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மோட்டாரை ஒரு தட்டு தட்டி, சக் சுற்றி ஓய்வதற்குள் லிவரைத் தள்ளுவது இன்னொரு பழக்கம். தயவுசெய்து வேண்டாம். கியர் சுலபமாக உள்ளே நுழைவதற்காகப் பல்லின் ஓரத்தைச் சரிவாகச் செதுக்கியிருப்பார்கள். ஓட்டத்தில் போடும் ஒவ்வொரு முறையும் அந்தச் சரிவு நசுங்கி, ஓரத்தில் பிசிறு எழும்பும். பிசிறு எழும்பிய பல் அடுத்த முறை இன்னும் கஷ்டமாக நுழையும். நாளாக ஆக லிவர் இறுகுவது இப்படித்தான் ஆரம்பிக்கிறது. மூடியைத் திறக்கும்போது பல் ஓரங்களை டார்ச் அடித்துப் பாருங்கள். பிசிறு இருந்தால் ஆயில் ஸ்டோனால் தேய்த்து எடுத்துவிடலாம். தூள் எண்ணெயில் விழாமல் கீழே துணி விரித்துக்கொள்ளுங்கள்.

ஒரு லேத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்பீடு லிவர் கிளம்பவே மறுத்தது. நான் போவதற்குள் பைப் வேலை முடிந்திருந்தது, லிவர் தண்டு லேசாக வளைந்திருந்தது. மூடியைத் திறந்தேன். ஃபோர்க்கின் ஒரு கால் அடியில் முடி போல ஒரு கோடு. எண்ணெயைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் மறுபடி அந்தக் கோட்டிலிருந்து எண்ணெய் கசிந்து வந்தது. விரிசல்தான். சரி, முதலில் ஏன் இறுகியது? லிவருக்கு மேலே ஒரு சின்ன கிரப் ஸ்க்ரூ (துளைக்குள்ளேயே இறங்கும் ஸ்க்ரூ), அதன் தலையில் அலன் கீ புதிதாகப் பதிந்த பளபளப்பு. அங்கே எண்ணெய் கசிகிறது என்று யாரோ நல்லெண்ணத்தில் அதை அடிவரை இறுக்கியிருந்தார்கள். அதுதான் ஸ்பிரிங்கை அழுத்தும் ஸ்க்ரூ. சுருளோடு சுருள் ஒட்டும் அளவுக்கு ஸ்பிரிங் நசுங்கிவிட்டால் பால் பின்வாங்க இடமே இல்லை. ஒன்றரைச் சுற்றுத் தளர்த்தினேன், லிவர் இரண்டு விரலில் வந்தது. கசிவுக்கு மரையில் கொஞ்சம் சீலன்ட் போதும். ஃபோர்க்குக்குத்தான் வழி இல்லை. புதிது செய்ய வேண்டியிருந்தது.

லிவரைக் கழற்றும்போது நடக்கும் தவறும் கிட்டத்தட்ட இதே ரகம். பல லிவர்களைத் தண்டோடு பிடித்திருப்பது டேப்பர் பின், அதாவது ஒரு முனை பெருத்து மறு முனை சிறுத்த பின். மெட்ரிக் பின்னின் சரிவு 50-க்கு 1, அதாவது 40 மி.மீ. நீளப் பின்னின் இரு முனைகளுக்கும் வித்தியாசம் 0.8 மி.மீ. கண்ணுக்குத் தெரியாது, காலிப்பர் வைத்தால் தெரியும். பெரிய முனையில் அடித்தால் பின் இன்னும் இறுகும். சின்ன முனையைக் கண்டுபிடித்து, தண்டுக்கு அடியில் முட்டுக்கொடுத்து, பஞ்ச் வைத்து அடியுங்கள். முட்டு இல்லாமல் அடித்தால் அந்த அடியெல்லாம் உள்ளே ஃபோர்க்குக்குப் போகும். கழற்றுவதற்கு முன் லிவருக்கும் தண்டுக்கும் சேர்த்து ஒரு கோடு கீறிக்கொண்டால் திரும்ப மாட்டும்போது திண்டாட்டம் இருக்காது. பின்னுக்குப் பதில் கிரப் ஸ்க்ரூ இருந்து, கழற்றியும் லிவர் வரவில்லை என்றால், அதே துளையில் கீழே இன்னொரு ஸ்க்ரூ இருக்கிறதா என்று பாருங்கள்.

எண்ணெய் விஷயத்தில், கையில் கிடைத்ததை ஊற்றுவதுதான் தவறு. மேனுவலில் விஜி 68 (எண்ணெயின் கெட்டித்தன்மை எண்) என்று போட்டிருக்கும் மெஷினுக்கு வண்டி கியர் பாக்ஸின் 90 நம்பர் எண்ணெயை ஊற்றினால் அது இரண்டு மூன்று மடங்கு கெட்டி. குளிர்ந்த காலையில் லிவர் கனப்பதில் ஆச்சரியம் இல்லை. வெளியிலிருந்து துருநீக்கி ஸ்ப்ரே அடிப்பது, துரு பிடித்த தண்டுக்குக் கொஞ்சம் உதவும். உள்ளே பால் இறுகியிருந்தால் ஒன்றும் செய்யாது.

கடைசியாக, பழுதே இல்லாத இறுக்கமும் உண்டு. ஃபீட் (வெட்டும் கருவியைத் தானாக நகர்த்தும் ஓட்டம்) ஓடும்போது ஹாஃப் நட் லிவர் (மரை வெட்டுவதற்காகக் கேரியேஜை லீட் ஸ்க்ரூவோடு பூட்டும் லிவர்) விழாது, ஏனென்றால் இரண்டும் சேர்ந்து விழுந்தால் ஏப்ரன் (கேரியேஜின் முன்பக்கக் கியர் பெட்டி) உடையும் என்று வேண்டுமென்றே தடுத்திருக்கிறார்கள். ஃபீடை நியூட்ரலுக்குக் கொண்டுவந்தும் விழவில்லை என்றால் லீட் ஸ்க்ரூவின் மரை முகட்டில் நட் உட்கார்ந்திருக்கும். கேரியேஜைக் கையால் ஒரு மயிரிழை நகர்த்தினால் போதும். கோன் புல்லி (படிப்படியாக அமைந்த புல்லி) லேத்தில் புல்லியைப் புல் கியரோடு (ஸ்பிண்டிலில் உள்ள பெரிய கியர்) பூட்டும் பின்னை எடுக்காமல், வேகத்தைக் குறைக்கும் பேக் கியரைப் போட்டால் ஸ்பிண்டில் பூட்டிக்கொள்ளும். அந்தப் பூட்டை வைத்துக்கொண்டே இறுகிய சக்கைத் தட்டிக் கழற்றுபவர்கள் இருக்கிறார்கள். புல் கியரில் பல் போன பழைய லேத்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் நினைவுக்கு வரும்.

எல்லாம் மாட்டியதும் நேராக மோட்டாரைப் போட்டுவிடாதீர்கள். மூடி திறந்திருக்கும்போதே ஒவ்வொரு ஸ்பீடையும் கையால் போட்டு, கியரின் முழு அகலமும் ஜோடியோடு சேர்கிறதா என்று பாருங்கள். முக்கால் அகலம் மட்டும் சேர்ந்தால் ஃபோர்க் தேய்ந்திருக்கிறது அல்லது லிவரை ஒரு கோணம் தள்ளி மாட்டியிருக்கிறீர்கள். அது சரியான பிறகு மூடியை மாட்டி, மிகக் குறைந்த ஸ்பீடில் ஐந்து நிமிடம் சும்மா ஓட விட்டு, சத்தத்தைக் கேளுங்கள்.