வளரும் கால்பந்து வீரரின் வாரச் சுமையை எப்படிக் கணக்கிடுவது

தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை எனக் குமரி மாவட்டத்தின் மேற்குக் கடலோர ஊர்களில் மாலை ஐந்து மணிக்குப் பிறகு மணலில் ஏதாவது ஓர் ஆட்டம் நடந்துகொண்டிருப்பது வழக்கம். இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ் இந்தியன் சூப்பர் லீக் வரை சென்று ஆடியதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, கண்ணில் படும் ஆட்டங்கள் அனைத்திலும் இறங்கிவிட வேண்டும் என்ற ஆசை இருப்பது இயல்பு. பெற்றோரும் அதைத் தடுப்பதில்லை. இந்த ஆசையை அணைக்காமலே அந்தப் பிள்ளையின் உடல் ஒரு வாரத்தில் உண்மையாக எவ்வளவு உழைக்கிறது என்று கண்டுபிடிப்பதற்கும், அதைக் கட்டுக்குள் வைப்பதற்கும் உரிய வழியைப் பயிற்சியாளர்களுக்காகவும் பெற்றோருக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். என்னிடம் பயிற்சிக்கு வந்த 13 வயதுப் பையன் ஒருவன் சில வாரங்களாகவே வியாழக்கிழமைகளில் கால் இழுத்து ஓடினான். சோம்பல் என்று முடிவுகட்டி, மைதானத்தைக் கூடுதலாக இரண்டு சுற்று ஓடவிட்டேன். முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து, படியேற முடியாமல் அவன் நின்றபோதுதான் விசாரித்தேன். பள்ளி அணி, எங்கள் மன்றம், அண்ணனின் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) அணி ஆகிய மூன்றுக்கும் ஆடியதோடு, விடிகாலையில் மாமாவோடு கரமடி (கரையில் நின்று இழுக்கும் பெரிய மீன்வலை) இழுக்கவும் அவன் போய்க்கொண்டிருந்தான். நான் கொடுத்த பயிற்சி அளவானதுதான். ஆனால் அது அவனுடைய உழைப்பில் பாதியாகக்கூட இல்லை என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

ஒரு பிள்ளைக்கு ஒரே நோட்டு

ஆகவே கணக்கை அணியின் பெயரில் வைக்காமல் பிள்ளையின் பெயரில் வைக்க வேண்டும். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஒவ்வொரு நாளும் எத்தனை நிமிடம் ஆடினான் அல்லது உழைத்தான் என்பதையும், அது எவ்வளவு கடினமாக இருந்தது என்று அவனே சொல்லும் ஓர் எண்ணையும் அதில் குறித்து, இரண்டையும் பெருக்கினால் அந்த நாளின் சுமை கிடைக்கும். உலகெங்கும் பயிற்சியாளர்கள் பயன்படுத்தும் எளிய முறை இது. கருவி எதுவும் தேவையில்லை. கடினத்தைக் குறிக்கும் எண் 0 முதல் 10 வரை செல்லும்: 0 என்றால் ஓய்வு, 2 என்றால் லேசு, 3 மிதம், 5 கஷ்டம், 7 மிகவும் கஷ்டம், 10 என்றால் இதற்கு மேல் உடலால் முடியாது. ஆட்டம் முடிந்த உடனே கேட்டால் கடைசி ஐந்து நிமிட ஓட்டம் மட்டுமே நினைவில் நிற்கும் என்பதால், சுமார் அரை மணி நேரம் கழித்துக் கேட்பது நல்லது. தனித்தனியாகக் கேட்பது அதைவிட முக்கியம். கூட்டமாகக் கேட்டால் முதல் பையன் ‘நாலு’ என்று சொன்னதும் மற்றவர்களும் நாலிலேயே நின்றுவிடுவார்கள். 12 வயதுக்குக் கீழ் உள்ளவர்களிடம் பத்து எண்களைக் கொடுத்துக் குழப்ப வேண்டாம். லேசு, நடுத்தரம், கஷ்டம் என்ற மூன்று சொற்களே போதும்.

நோட்டில் ஏறவேண்டியவை எவை என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். பள்ளி விளையாட்டு வகுப்பு, மன்றப் பயிற்சி, போட்டி ஆகியவற்றோடு கடற்கரை ஆட்டம், செவன்ஸ், கரமடி, நீண்ட தூர சைக்கிள் மிதிப்பு எல்லாம் அதில் வரவேண்டும். மணலில் ஆடுவதை விளையாட்டுத்தானே என்று விட்டுவிடக் கூடாது. கெட்டியான தரையில் ஓடுவதற்கு ஆகும் ஆற்றலைப்போல் ஏறத்தாழ 1.6 மடங்கு மணலில் ஓடுவதற்கு ஆகிறது என்பது அளந்து கண்ட உண்மை. மணல் மூட்டுகளுக்கு மெத்தென்று இருந்தாலும், கெண்டைக்காலுக்கும் குதிகால் தசைநாருக்கும் அதிக வேலை வைக்கிறது.

ஒரு வாரக் கணக்கு

எடுத்துக்காட்டாக, 14 வயதுப் பையன் ஒருவனின் வாரத்தைப் பார்ப்போம். திங்களன்று பள்ளியில் 60 நிமிடம், கடினம் 4, சுமை 240. செவ்வாயன்று மன்றப் பயிற்சி 90 நிமிடம், கடினம் 6, ஆக 540. புதனன்று கடற்கரையில் 60 நிமிடம், கடினம் 6, 360. வியாழனன்று மன்றத்தில் 90 நிமிடம், கடினம் 7, 630. வெள்ளியன்று மீண்டும் பள்ளியில் 240. சனிக்கிழமை விடிகாலையில் கரமடி 60 நிமிடம், கடினம் 5 என 300. பிற்பகலில் மன்றப் போட்டி 70 நிமிடம், கடினம் 8 என 560. இரவு விளக்கொளியில் செவன்ஸ் 40 நிமிடம், கடினம் 8 என 320. ஞாயிறன்று கடலுக்குப் போவதில்லை, ஆனால் செவன்ஸில் அடுத்தடுத்து இரண்டு ஆட்டம். 80 நிமிடம், கடினம் 9, சுமை 720. மொத்தம் 3910. மன்றப் பயிற்சியாளருக்குத் தெரிந்ததோ செவ்வாய், வியாழன், சனிப் போட்டி ஆகியவற்றின் 1730 மட்டுமே.

நிமிடங்களைக் கூட்டினால் 10 மணி 10 நிமிடம் வருகிறது. வாரத்தில் விளையாடும் மணி நேரம் வயதின் எண்ணைத் தாண்டக் கூடாது என்று ஒரு பொதுவிதி உண்டு; அதன்படி 14 வயதுப் பையனுக்கு இது குற்றமில்லை. ஆனால் விதியைச் சரிபார்த்துவிட்டு நிம்மதி அடைபவர்கள் இரண்டு விஷயங்களைப் பார்க்கத் தவறுகிறார்கள். ஏழு நாளில் ஒரு நாள்கூட ஓய்வில்லை. மேலும், வாரத்தின் மிகக் கடினமான இரண்டு நாள்கள் அடுத்தடுத்து வருகின்றன. கடுமையான போட்டி ஒன்றிலிருந்து தசைகள் முழுவதும் தேற இரண்டு, மூன்று நாள்கூட ஆகலாம்.

எதை வெட்டுவது என்பது அடுத்த கேள்வி. கரமடியில் கைவைக்க எனக்கு உரிமையில்லை. அது அந்த வீட்டின் வயிற்றுப்பாடு. பெரியவர்கள் யாரும் விசில் ஊதாத கடற்கரை ஆட்டத்தையும் நான் தொடமாட்டேன், ஏனென்றால் பிள்ளைகள் தாமாகவே நிறுத்தவும் தாமாகவே உட்காரவும் முடிகிற ஒரே ஆட்டம் அதுதான். வெட்ட வேண்டியது பெரியவர்கள் ஏற்பாடு செய்ததை. சனிக்கிழமை இரவுச் செவன்ஸையும் ஞாயிறு ஆட்டங்களையும் நீக்கி, வியாழன் பயிற்சியை 60 நிமிடமாக்கிப் பந்தைக் கையாளும் வேலையோடு கடினம் 4 அளவில் நிறுத்தினால், மொத்தம் 2480 ஆகிறது. ஞாயிறு முழு ஓய்வாகிறது. மன்றப் பயிற்சியாளர் தன் பங்கையும் குறைத்துக்கொண்டால்தான் செவன்ஸ் அணிக்காரரிடம் போய்ப் பேச முகம் இருக்கும்.

காலையில் எழுந்ததும் நான்கு கேள்விகளுக்கு 1 (மோசம்) முதல் 5 (நன்று) வரை மதிப்பெண் இடச் சொல்லலாம்: தூக்கம் எப்படி, கால் எப்படி, மனம் எப்படி, பசி எப்படி. அடுத்த பையனோடு ஒப்பிடாமல் அவனுடைய வழக்கமான மதிப்பெண்ணோடு ஒப்பிட வேண்டும். இரண்டு நாள் தொடர்ந்து இறங்கியிருந்தால் அன்றைய பயிற்சியைப் பாதியாக்குங்கள். ஒரு வாரமாகியும் ஏறவில்லையென்றால் விளையாட்டை நிறுத்தி, வீட்டிலோ பள்ளியிலோ வேறு ஏதேனும் பாரம் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

தேர்வு முடிந்த பிறகு

எங்கள் மாவட்டத்தில் காயங்கள் குவியும் காலம் எதுவென்று என்னைக் கேட்டால், மழைக்காலத்தைச் சொல்லமாட்டேன். பொதுத்தேர்வு முடிந்து கோடை விடுமுறை தொடங்கும் வாரங்களைச் சொல்வேன். இரண்டு மாதம் புத்தகத்தோடு இருந்த பையன், விடைத்தாளைக் கொடுத்துவிட்டு வந்த மறுநாளே போட்டிக் களத்தில் நிற்கிறான். அவனுடைய முந்தைய நான்கு வாரச் சராசரி 600 ஆக இருக்கும். அந்த ஒரே வாரத்தில் 2500 ஏறும். உடல் தாங்காதது பெரிய எண்ணை அல்ல, திடீரென ஏறும் எண்ணை. இந்த வாரச் சுமையை முந்தைய நான்கு வாரச் சராசரியால் வகுத்து, 0.8க்கும் 1.3க்கும் இடையில் இருந்தால் நல்லது, 1.5ஐத் தாண்டினால் ஆபத்து என்று சொல்லும் கணக்கு ஒன்று பரவலாக இருக்கிறது. அந்த எல்லைகளை ஆராய்ச்சியாளர்களில் ஒரு பகுதியினர் ஏற்பதில்லை. நானும் அதை வேதவாக்காகக் கொள்வதில்லை. ஆயினும் விகிதம் நான்கைத் தொடும்போது வாதம் செய்ய எதுவும் இல்லை.

எனவே தேர்வுக் காலத்திலும் பயிற்சியை முழுதாக நிறுத்தாமல், வாரத்தில் இரண்டு நாள் அரை மணி நேரம் ஓடவும் தாண்டவும் வைத்திருங்கள். அது படிப்பையும் கெடுக்காது. நின்றே போயிருந்தால், மூன்று அல்லது நான்கு வாரங்களில் படிப்படியாக ஏற்றி, அதன் பிறகே முழு ஆட்டத்தில் இறக்குங்கள். தேவாலயப் பங்குத் திருவிழாவையொட்டி நடக்கும் போட்டியின் தேதி மாதங்களுக்கு முன்பே தெரிந்ததுதான். அதிலிருந்து பின்னோக்கி எண்ணித் திட்டமிடலாம். காய்ச்சலிலிருந்து எழுந்தவருக்கும் இதே படிமுறைதான். டெங்கு என்றால் மருத்துவர் அனுமதித்த பிறகே தொடங்க வேண்டும்.

உயரம் கூடும் மாதங்கள்

ஆண் பிள்ளைகள் பெரும்பாலும் 13, 14 வயதையொட்டியும், பெண் பிள்ளைகள் ஏறத்தாழ இரண்டு ஆண்டு முன்னதாகவும் மிக வேகமாக உயர்கிறார்கள். அப்போது எலும்பு முந்திக்கொள்ள, தசையும் தசைநாரும் இழுபட்டு நிற்கும். எலும்பின் வளரும் நுனிகள் அந்த இழுவையைத் தாங்க வேண்டியிருக்கும். முழங்காலுக்குக் கீழே புடைப்போடு வரும் வலியும் (இதை ஆஸ்குட் ஷ்லாட்டர் என்பார்கள்), குதிகாலின் பின்புற வலியும் இப்படித்தான் வருகின்றன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, காலை நேரத்தில், செருப்பில்லாமல் சுவரோடு நிறுத்தி உயரத்தைக் குறியுங்கள். மூன்று மாதத்தில் சுமார் 2 செ.மீ.க்கு மேல் ஏறியிருந்தால், அடுத்த சில மாதங்களுக்குத் தாண்டுவதையும் வேக ஓட்டத்தையும் நெடுந்தூரம் பந்தை உதைப்பதையும் குறைத்து, பந்துக் கட்டுப்பாட்டுக்கும் உடல் சமநிலைக்கும் நேரம் ஒதுக்குங்கள். அந்தக் காலத்தில் பையன் தடுமாறுவான், சென்ற ஆண்டு எளிதாகச் செய்ததைத் தவறவிடுவான். அணித் தேர்விலிருந்து நீக்குவதற்கு அது காரணமாகிவிடக் கூடாது.

பயிற்சிக்கு முன் ஃபிஃபாவின் 11 பிளஸ் பயிற்சித் தொகுப்பை வாரத்தில் இரண்டு முறையாவது செய்ய வைக்கலாம். ஓட்டம், வலிமையும் சமநிலையும், மீண்டும் வேக ஓட்டம் என மூன்று பகுதிகளில் 20 நிமிடத்தில் முடியும் அது 14 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கானது. 7 முதல் 13 வயதினருக்குத் தனியாகச் சிறுவர் தொகுப்பு உண்டு. ஒழுங்காகச் செய்த அணிகளில் காயங்கள் குறைந்தது நிறுவப்பட்டிருக்கிறது.

வெக்கை, உணவு, தூக்கம்

நம் கடலோரத்தில் வெப்பமானி காட்டும் எண்ணைவிடக் காற்றின் ஈரம்தான் கொடியது; வியர்வை உலராமல் வழிந்துவிடுவதால் உடல் குளிர்வதில்லை. கோடையில் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள், அல்லது மாலை நாலரைக்குப் பிறகு தொடங்குங்கள். மலையோரத்திலிருந்தோ வெளியூரிலிருந்தோ வரும் பிள்ளைக்கு இந்த வெக்கை பழக ஒன்று முதல் இரண்டு வாரமாகும். ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள்: 45 கிலோ பையன் 900 கிராம் குறைந்தால் 2 சதவீதம் நீரை இழந்திருக்கிறான், அது மிகுதி. இளநீரில் பொட்டாசியம் நிறைய உண்டு, சோடியம் குறைவு. ஆகவே வியர்த்துக் கொட்டிய நாளில் உப்பிட்ட கஞ்சித்தண்ணீரோ மோரோ அதைவிட ஏற்றது. வெயிலில் பையன் குழறிப் பேசினாலோ தள்ளாடினாலோ, நிழலில் கிடத்தி உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே 108ஐ அழையுங்கள்.

ஆட்டம் முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியும், அல்லது ஏத்தன்பழமும் முட்டையும் கிடைத்தால் போதும். டப்பாவில் விற்கும் பொடி எதுவும் தேவையில்லை. தூக்கம் 13 முதல் 18 வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரம், 6 முதல் 12 வயதினருக்கு 9 முதல் 12 மணி நேரம் வேண்டும். இரவு பதினோரு மணிக்கு இறுதி ஆட்டத்தை வைத்துவிட்டுக் காலை டியூஷனுக்கு எழுப்பினால் இந்தக் கணக்கு எப்படியும் உதைக்கும். பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் மூன்று மாதம் நின்றுபோனால், உணவு உழைப்புக்கு ஈடாகவில்லை என்று பொருளாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வலி வந்தால்

பயிற்சிக்குப் பிறகு இரண்டு தொடைகளிலும் ஒரேமாதிரி இருந்து இரண்டு நாளில் தீரும் வலி சாதாரணமானது. ஒரே இடத்தில் விரல் வைத்துக் காட்டக்கூடிய வலி, நொண்டவைக்கும் வலி, தூக்கத்தில் எழுப்பும் வலி, முதுகைப் பின்னுக்கு வளைக்கும்போது இடுப்பில் குத்தும் வலி ஆகியவற்றில் எது இருந்தாலும் ஆட்டத்தை அங்கேயே நிறுத்தி மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

நம் மாவட்டத்தில் சுளுக்கென்றால் முதலில் ஆசானிடம் போய் எண்ணெய் போட்டுத் தடவுவதுதான் பழக்கம். வர்ம மரபின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் வளரும் பிள்ளையின் மூட்டு வீங்கியிருந்தால், எலும்பின் வளரும் தட்டு முறிந்திருக்கக்கூடும், அது வெளிப்பார்வைக்குச் சுளுக்கு போலவே இருக்கும்; அதைத் தடவினால் கேடு கூடும். எக்ஸ்ரே எடுத்து எலும்பு முறிவு இல்லையென்று உறுதியான பிறகு தடவலைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம்.

காயம் ஆறித் திரும்பும் பையன், வலியில்லாமல் நேராக ஓடி, பிறகு திரும்பி ஓடி, பிறகு ஒற்றைக் காலில் தாண்டி, பிறகு மோதல் இல்லாத பயிற்சியில் ஒரு வாரம் கழித்து, கடைசியாகத்தான் போட்டிக்குள் வரவேண்டும். ஒவ்வொரு படியின் மறுநாள் காலையிலும் அந்த இடத்தை அழுத்திப் பார்த்து, வீக்கமோ வலியோ திரும்பியிருந்தால் ஒரு படி இறங்குங்கள். இவை அனைத்தும் அதே நோட்டில் ஏறட்டும். நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கில் நடக்கும் வீரர் தேர்வுக்கோ வெளியூர் முகாமுக்கோ அவன் புறப்படும்போது, பூட்டோடு அந்த நோட்டையும் பையில் வைத்து அனுப்புங்கள். அங்குள்ள பயிற்சியாளர் முதல் நாளே அவனை எவ்வளவு ஓடவிடலாம் என்பதற்கான விடை அதன் கடைசி நான்கு வாரப் பக்கங்களில் இருக்கும்.