போர்முனை நிருபரின் நாட்குறிப்பை வாசிக்கும் முறை: ரஸ்ஸலின் ஒரு நாள்

பழைய போர்ச் செய்தியாளர் ஒருவரின் நாட்குறிப்பைக் கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் அதை முதற்பக்கத்திலிருந்து கதைபோல வாசித்துச் செல்கிறார்கள். அதில் சுவை உண்டு. ஆனால் எழுதியவர் எதைத் தம் கண்ணால் கண்டார், எதைப் பிறர் சொல்லக் கேட்டார் என்பது அந்த வாசிப்பில் பிடிபடுவதில்லை. இரண்டையும் பிரித்தறிய நான் கையாளும் முறையை, லண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழின் நிருபர் வில்லியம் ஹோவர்ட் ரஸ்ஸல் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது எழுதிய நாட்குறிப்பில் ஒரே ஒரு நாளை எடுத்துக்கொண்டு விளக்குகிறேன். ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பென்சில், வர்ஜீனியா மாநிலத்தின் வரைபடம் ஆகிய மூன்றும் போதும்.

ரஸ்ஸல் அயர்லாந்துக்காரர். 1854இல் கிரைமியாவிலிருந்து அவர் எழுதிய கடிதங்கள் பிரிட்டிஷ் படையின் சீர்கேட்டை மக்களுக்குக் காட்டின. 1858இல் லக்னோ கைப்பற்றப்பட்டபோது அங்கே இருந்தார். 1861 மார்ச்சில் அமெரிக்கா சென்ற அவரைச் சந்தித்த லிங்கன், உலகில் ‘டைம்ஸ்’ இதழைவிட வலிமையானது மிசிசிப்பி ஆறாகத்தான் இருக்கும் என்று சொன்னதை அவரே குறித்து வைத்திருக்கிறார்.

முதற்படி: கையில் இருப்பது எந்தப் பிரதி என்று உறுதி செய்யுங்கள்

தொடக்க வாசகர்கள் தவறவிடும் இடம் இதுதான். ரஸ்ஸலின் அமெரிக்க அனுபவம் மூன்று வடிவங்களில் நமக்குக் கிடைக்கிறது. அவர் நாளிதழுக்கு அனுப்பிய கடிதங்கள் 1861, 1862ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. நாட்குறிப்பு என்ற பெயரில் அவரே தொகுத்த நூல் 1863ஆம் ஆண்டைத் தாங்கி வந்தது. அவர் தமக்காக மட்டும் எழுதிய அந்தரங்கக் குறிப்பேடு 1992இல்தான் அச்சேறியது. எளிதாகக் கிடைப்பது 1863ஆம் ஆண்டு நூலே. ஆனால் அது அன்றன்றைய குறிப்புகளை ஊர் திரும்பிய பின் எடுத்துக் கோத்தது என்பதை நோட்டின் முதல் வரியில் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: ஒரே ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து, அவர் நின்ற இடத்தைக் குறியுங்கள்

நாம் எடுத்துக்கொள்வது 1861 ஜூலை 21, வடபுல மாநிலங்களின் படை தென்புல மாநிலங்களின் படையிடம் தோற்ற முதலாம் புல் ரன் போர் நடந்த ஞாயிற்றுக்கிழமை. வரைபடத்தில் வாஷிங்டனையும், அதற்கு மேற்கே சென்டர்வில் என்ற சிற்றூரையும், அதற்கும் அப்பால் ஓடும் புல் ரன் ஓடையையும் கண்டுபிடியுங்கள். பிறகு, நாட்குறிப்பில் நேரம் சொல்லப்படும் ஒவ்வோர் இடத்தையும் வரைபடத்தின் மேல் எழுதுங்கள். வாடகை வண்டிக்கும் குதிரைக்கும் காத்திருந்து தாமதமாகப் புறப்பட்ட ரஸ்ஸல், சண்டை மும்முரமாக நடந்துகொண்டிருந்த பிற்பகலில்தான் சென்டர்வில் மேட்டை அடைந்தார் என்பதும், உண்மையான போர் அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளிப் புகைக்கும் மரங்களுக்கும் பின்னால் நடந்தது என்பதும் அப்போது தெரியவரும். மேட்டில் அவரோடு நின்றவர்கள் வாஷிங்டனிலிருந்து வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தினர்.

மூன்றாம் படி: பக்கத்தை மூன்று பத்திகளாகப் பிரியுங்கள்

நோட்டுப் பக்கத்தில் மேலிருந்து கீழாகக் கோடிட்டு மூன்று பத்திகளை அமையுங்கள். முதல் பத்திக்குக் ‘கண்டது’, இரண்டாவதற்குக் ‘கேட்டது’, மூன்றாவதற்கு ‘எண்ணியது’ என்று தலைப்பிட்டு, அன்றைய பதிவின் ஒவ்வொரு வாக்கியத்தையும் சுருக்கி உரிய பத்தியில் எழுதுங்கள். பொறுமை தேவைப்படும் வேலைதான்; ஆனால் இதற்கு மாற்று இல்லை. குதிரையில் வந்த அதிகாரி ஒருவர் வடபுலப் படை எங்கும் வென்றுவிட்டது என்று கூவியது ‘கேட்டது’. கூட்டம் ஆர்ப்பரித்தது ‘கண்டது’. அதன்பின் ரஸ்ஸல் குதிரையேறி முன்னே சென்றபோது, ஒரு சிறு பாலத்தருகே வண்டிகளும் குதிரைகளும் ஆயுதம் இழந்த வீரர்களும் முட்டி மோதிக்கொண்டு எதிரே வந்ததும் ‘கண்டது’. ஏன் ஓடுகிறார்கள் என்று அவர்கள் சொன்ன காரணங்கள் மீண்டும் இரண்டாம் பத்திக்கே போக வேண்டும். இப்படி எழுதி முடித்தால், தோல்வியை அவர் கண்டதில்லை, தோல்விக்குப் பிந்திய ஓட்டத்தையே கண்டார் என்பது பக்கத்திலேயே தெரியும்.

இந்தப் பிரிவினை நாம் வெளியிலிருந்து சுமத்துவது அன்று. மறுநாள் நாளிதழுக்கு எழுதிய கடிதத்தின் தொடக்கத்திலேயே ரஸ்ஸல், சண்டையின் வரலாற்றை அல்ல, இதுவரை அதிகம் ஏமாற்றாத தம் கண்களால் கண்டதையும், அந்த நாட்டில் அவ்வளவாக நம்ப முடியாத தம் காதுகளால் கேட்டதையும் எழுதப்போவதாகச் சொல்லிவிடுகிறார். நான் அவரை மதிப்பதற்கு இந்த ஒரு வாக்கியமே போதும்.

நான்காம் படி: கடிதம் போன வழியைக் கணக்கிடுங்கள்

1858இல் போடப்பட்ட அட்லாண்டிக் கடலடித் தந்திக்கம்பி சில வாரங்களிலேயே செயலிழந்துவிட்டது; நிலையான இணைப்பு 1866இல்தான் வந்தது. எனவே ஜூலையில் எழுதிய கடிதம் கப்பலேறி, ஆகஸ்ட் தொடக்கத்தில் லண்டனில் அச்சாகி, அந்த இதழ் மறுபடியும் கப்பலேறி, அம்மாதப் பிற்பகுதியில் அமெரிக்காவுக்குத் திரும்பியது. அதன்பிறகே வடபுலப் பத்திரிகைகள் அவர்மீது பாய்ந்து, ‘புல் ரன் ரஸ்ஸல்’ என்று பட்டப்பெயர் சூட்டின. 1862 வசந்தத்தில் படையுடன் செல்ல அனுமதி மறுக்கப்பட்டதால் அவர் நாடு திரும்பினார். 1863 நூல் இத்தனைக்கும் பிறகு வந்தது. ஆகவே அதில் படையின் ஒழுங்கின்மையை அவர் முன்கூட்டியே கணித்ததாகத் தோன்றும் வரிகளைக் கண்டால் பென்சிலால் கோடிட்டு, புல் ரன் போருக்கு முன் அவர் அனுப்பிய கடிதங்களிலும் அதே கருத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது அன்றைய கணிப்பு.

அடுத்து நீங்களே செய்து பார்க்க வேண்டியது

1861 மே மாதத்தில் அலபாமாவின் மாண்ட்கமரி நகரில் அவர் கண்ட அடிமை ஏலத்தை இதே முறையில் பிரித்துப் பாருங்கள். தாம் உணர்ச்சிவசப்படுபவர் அல்லர் என்று சொல்லிக்கொண்டே, 975 டாலர் கொடுத்தால் எதிரே நிற்கும் மனிதனைத் தம் பக்கத்தில் நிற்கும் குதிரையைப் போல முழு உரிமையோடு வாங்கிவிடலாம் என்பதை மனத்துக்குப் பழக்கிக்கொள்ள முயன்று தோற்றதை அவர் எழுதுகிறார். புல் ரன் பதிவில் ‘எண்ணியது’ என்ற பத்தியைச் சந்தேகத்தோடு வாசித்தோம். இங்கே அந்தப் பத்தியைத்தான் முதலில் நிரப்ப வேண்டும். ஏலம் போனவரைப் பற்றி அவர் எழுதாமல் விட்டவற்றுக்காக அதன் பக்கத்தில் நான்காவதாக ஒரு பத்தியையும் திறந்து வையுங்கள்.