'அங்கேயும் தமிழ்தானே' என்று பெட்டி கட்டுகிறவர்களுக்கு

இலங்கை மலைநாட்டில் இருக்கும் ஹட்டனுக்குக் குடிவந்து ஏழு வருடம் ஆகிறது. கணவருக்கு இங்கே ஒரு தேயிலைக் கம்பெனியில் கணக்கு வேலை. திருச்சியில் பெட்டி கட்டும்போது சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "என்ன கவலை, அங்கேயும் தமிழ்தானே." துபாய்க்கோ ஜெர்மனிக்கோ போகிறவர்கள் நாலு பேரிடம் விசாரித்துவிட்டுத்தான் விமானம் ஏறுவார்கள். நான் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதில் முக்கால்வாசி அந்தத் 'தமிழ்தானே'யில் முளைத்தது. வேலைக்காகவோ கல்யாணமாகியோ இந்தப் பக்கம் வருகிறவர்கள் இப்போது என்னிடம் விசாரிக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது.

வெயிலில் வீடு பார்க்காதீர்கள்

நாங்கள் வீடு பார்த்தது பிப்ரவரியில். நீல வானம், கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை, ஜன்னலைத் திறந்தால் தூரத்தில் சிவனொளிபாதமலை. அன்றே முன்பணம் கொடுத்துவிட்டோம். ஜூன் மாதம் சுவர் அழ ஆரம்பித்தது. அலமாரியில் இருந்த தோல் செருப்பில் பச்சைப் பூஞ்சை. துவைத்த துணி ஐந்தாம் நாளும் ஈரம்.

நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகைதான் அடைமழை. ஆடியில் காற்றுதான் அடிக்கும். இங்கே மலையின் மேற்குச் சரிவில் இருக்கும் ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கமெல்லாம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை வெளுத்து வாங்கும். அதே காற்று மலையைத் தாண்டிக் கிழக்கே பதுளை, பண்டாரவளை இருக்கும் ஊவாப் பக்கம் இறங்கும்போது ஈரத்தை எல்லாம் இறக்கிவைத்துவிட்டு வறண்டுபோய் இறங்குகிறது. ஹட்டனில் குடை மடக்க முடியாத ஜூலையில் பண்டாரவளையில் நல்ல வெயில் அடிக்கும். ஊவாத் தேயிலையின் பேர்பெற்ற மணமே அந்த வறண்ட காற்றில் வருவதுதான். பதுளை, பண்டாரவளைக்கு மழை வருடக் கடைசியில் வரும். ஆகவே 'மலையகத்தில் எப்போது மழை?' என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. எந்தச் சரிவு என்று சேர்த்துக் கேளுங்கள்.

வீட்டை மழைக்காலத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அலமாரியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். வீட்டுக்காரர் கொஞ்சம் முறைப்பார், பரவாயில்லை. அதைவிட முக்கியம், வீட்டுக்குப் பின்னால் போய் மண்மேட்டைப் பார்ப்பது. சுவரிலோ தரையிலோ புது வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரமோ கம்பமோ, இதுவரை இல்லாத இடத்தில் திடீரென்று கலங்கலாக ஊறும் தண்ணீர், இவையெல்லாம் மண் நகர்வதற்கான அடையாளங்கள். 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், மண்ணுக்குள் போனதை இங்கே யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோதும் மலைநாட்டைத்தான் மண்சரிவு பதம் பார்த்தது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படிகளில் எச்சரிக்கை விடும். உங்கள் பிரதேசத்துக்குச் சிவப்பு என்றால் பாத்திரம் பண்டம் பார்க்காமல் கிளம்பிவிட வேண்டும். முதல் வருடம் மஞ்சள் எச்சரிக்கை வந்தபோது நான் அதை வாட்ஸ்அப் வதந்தி என்று நினைத்து அடை வார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு ஆயா வந்து அடுப்பை அணைத்தார்.

மலைக்குப் போனவர்கள்

மொழிக்கு வருகிறேன். வந்த புதிதில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினேன். ஒரு சிறுவன் எட்டிப் பார்த்து, "அம்மா மலைக்குப் போயிருக்கு" என்றான். திருச்சிக்காரிக்கு மலை என்றால் சபரிமலைதான். 'மாலை போட்டிருக்காங்களா?' என்று கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். இங்கே மலை என்றால் கொழுந்து பறிக்கும் தேயிலை மலை, அதாவது வேலைக்காடு. ஸ்டோர் என்றால் மளிகைக் கடை அல்ல, தேயிலை ஃபேக்டரி. "இன்னிக்கு அரைப் பேர்தான்" என்று ஒரு அக்கா அலுத்துக்கொண்டால், சொன்ன கிலோ கொழுந்து எடுக்க முடியாமல் பாதி நாள் கூலிதான் விழுந்தது என்று அர்த்தம். பாண் என்றால் பிரெட், போஞ்சி என்றால் பீன்ஸ், கோவா என்றால் முட்டைக்கோஸ். கடையில் பால் இல்லாத தேநீர் வேண்டுமானால் பிளேன்டீ என்று கேளுங்கள்.

வார்த்தை தெரியாவிட்டால் சிரிப்போடு போய்விடும். தெரிந்தே சொல்லும் வார்த்தைகள்தான் காயப்படுத்துகின்றன. நம் ஆட்கள் இங்கே வந்ததும் பாசத்தோடு கேட்கும் முதல் கேள்வி: "நீங்களும் இந்தியாதானே? சொந்த ஊர் எது?" கேட்கிறவருக்கு அது உறவு கொண்டாடல். கேட்கப்படுகிறவருக்கு அப்படி இல்லை. 1820களில் தொடங்கி, முதலில் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்குமாக, இந்தத் தோட்டத்து மக்களின் முன்னோர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்து மன்னாரில் இறங்கி மாத்தளை வழியாகக் காட்டில் நடந்தே மலையேறினார்கள். 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் இந்தியாவுக்கும் இலங்கைக்குமாக ஆட்களை எண்ணிக்கையாகப் பங்கு போட்டது; பல குடும்பங்கள் கப்பலில் பிரிந்தன. மிச்சமிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003-இல்தான் வந்தது. இவ்வளவு பாடுபட்டு 'இது எங்கள் நாடு' என்று நிலைநாட்டியவரிடம் போய், நேற்று விசா குத்திக்கொண்டு வந்த நாம் 'நீங்களும் இந்தியாதானே' என்று கேட்டால் எப்படி இருக்கும்? அரசாங்கக் கணக்கெடுப்பில் 'இந்தியத் தமிழர்' என்று எழுதியிருக்கலாம். மலையகத் தமிழர் என்று சொல்லுங்கள். வெளியூர்க்காரர்கள் சிலர் கேலியாகச் சொல்லும் 'தோட்டக்காட்டான்' என்ற சொல் விளையாட்டுக்குக்கூட வாயில் வரக் கூடாது. சாதி விசாரிக்கும் பழக்கத்தையும் திருச்சியிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒன்று உண்டு. தோட்டத்தில் பெரிய துரை, சின்ன துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி என்று வெள்ளைக்காரன் வைத்த படிக்கட்டு இன்னும் முழுதாக இடியவில்லை. வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த குடும்பத்தை அந்தப் படிக்கட்டில் மேலே ஏற்றி வைத்துவிடுவார்கள். என்னைக்கூட ஒருவர் 'துரைசானி' என்று கூப்பிட்டார். முதல் முறை உள்ளுக்குள் குளிர்ந்தது என்பது உண்மை. 'அக்கான்னே கூப்பிடுங்க' என்று சொல்ல எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. அந்த இரண்டு மாதமும் யாரும் என் வீட்டுத் திண்ணையில் உட்காரவில்லை.

மூன்றரையால் வகுக்கிற கணக்கு

நம் ஒரு ரூபாய்க்கு இங்கே ஏறக்குறைய மூன்றரை ரூபாய். வந்த புதிதில் எல்லா விலையையும் மூன்றரையால் வகுத்துக்கொண்டே நடப்போம். காய்கறி சில நாள் மலிவாகத் தெரியும். பால்மா (பால் பவுடர்), ஷாம்பூ, வாகனம் என்று இறக்குமதி ஆகிற எதைத் தொட்டாலும் நெஞ்சு அடைக்கும். வகுப்பது தப்பில்லை, சத்தமாக வகுப்பதுதான் தப்பு. "நம்ம காசுக்கு இவ்வளவுதானா, சும்மா கொடுக்கிறாங்களே!" என்று என் நாத்தனார் ஒருமுறை கடையில் சொன்னாள். பக்கத்தில் நின்ற அம்மா கையில் ஒரு கிலோ மாவு. தோட்டத்தில் ஒரு நாள் சம்பளம் 1,000 ரூபாயைத் தொட்டதே 2021-இல்தான். 2024-இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆனது. அந்தக் கூலியை இந்த ஊர் விலையால் வகுத்துப் பாருங்கள், 'சும்மா' என்ற வார்த்தை வராது.

நிலம் வாங்கும் ஆசை எல்லோருக்கும் வருகிறது. இரண்டாம் வருடம் எங்களுக்கும் வந்தது. 2014-ஆம் ஆண்டின் 38-ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவர் பெயரில் காணியைச் சொந்தமாக எழுத முடியாது. நீண்ட காலக் குத்தகைதான், அதுவும் 99 வருடத்துக்கு மேல் இல்லை. 'தெரிந்தவர் பெயரில் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்' என்று தரகர் சொன்னால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். தோட்டக் காணி என்றால் இன்னும் சிக்கல். எழுபதுகளில் நிலச் சீர்திருத்தத்தில் அரசு எடுத்துக்கொண்ட தோட்டங்கள்தான் 1992 முதல் கம்பெனிகளிடம் குத்தகையில் இருக்கின்றன. ஐந்து தலைமுறையாக லயத்தில் இருப்பவர்களுக்கே அந்தக் காணி சொந்தமில்லாதபோது, நமக்கு விற்க வருகிறவரிடம் என்ன உறுதி இருக்கப் போகிறது?

விசாவைப் பற்றி ஒரே வரி: வேலை செய்ய அனுமதி இல்லாத விசாவில் இருந்தால் டியூஷன்கூட எடுக்காதீர்கள்.

பௌர்ணமியும் இட்லியும்

பௌர்ணமி என்றால் நமக்குத் திருவண்ணாமலை ஞாபகம் வரும். இங்கே ஒவ்வொரு பௌர்ணமியும் பௌத்தர்களின் போயா விடுமுறை. இறைச்சிக் கடையும் மதுக்கடையும் பூட்டிக் கிடக்கும், அரசாங்க அலுவலகமும் திறக்காது. நான் விசா வேலையாகக் கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கும் பத்தரமுல்லைக்கு விடியற்காலை பஸ் ஏறிப் போய், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவள். காலண்டர் வாங்கும்போது உள்ளூர்க் காலண்டராக வாங்குங்கள். டிசம்பர் போயாவிலிருந்து மே வெசாக் வரை சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம், ஹட்டனில் பஸ்ஸும் ரயிலும் நிரம்பி வழியும். ஏப்ரலில் நுவரெலியா சீசன். அந்த மாதத்தில் அங்கே விருந்தினருக்கு அறை தேடினால் சொத்தை எழுதிக் கேட்பார்கள்.

இட்லி மாவு புளிக்காது. இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் என் முதல் ஆறு மாதக் கண்ணீர் மிச்சமாகியிருக்கும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், ஜனவரியில் சில விடியல்களில் உறைபனியே விழும். ஹட்டன் அவ்வளவு உயரமில்லை, ஆனாலும் ராத்திரிக் குளிருக்கு மாவு அசையாமல் கிடக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, வெந்தயம் கொஞ்சம் கூட்டி அரைத்து, பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி அடுப்பு ஓரம் வையுங்கள். ஒரு பகல் கூடுதலாகப் பிடிக்கும், ஆனால் பொங்கும். பருப்பும் திறந்த பாத்திரத்தில் சீக்கிரம் வேகாது. உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். நுவரெலியாவில் 94 டிகிரி அளவில். குக்கர் இல்லாமல் வராதீர்கள். அந்தக் குக்கரை விட்டுவிட்டு நான் மின்விசிறியைச் சுமந்து வந்தேன், அது பரணில் கிடக்கிறது. புதுக் கட்டிடங்களில் சதுரக் கால் பிளக்தான் பொருந்தும் என்பதால் நம் ஊர் மிக்ஸிக்கு அடாப்டரும் தேவை. இதெல்லாம் சரியாகும்வரை பசியோடு இருக்க வேண்டாம், தேங்காய் ரொட்டியும் கட்டச்சம்பல் என்கிற மிளகாய்ச் சம்பலும் பழகிக்கொள்ளுங்கள். மழை நாளில் இட்லியைவிட அதுதான் ருசி. இதை என் அம்மா படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

தேயிலைக்குள் நடந்தால் அட்டை ஏறும். பிய்த்து இழுக்காமல் உப்போ சோப்போ வைத்தால் தானாக விழும். குளவிக் கூட்டை மட்டும் வேடிக்கை பார்க்க நிற்காதீர்கள். இங்கே குளவி கொட்டி ஆட்கள் செத்திருக்கிறார்கள். அவசரத்துக்கு 1990 என்ற எண்ணை அழுத்தினால் சுவசெரிய ஆம்புலன்ஸ் வரும், காசு இல்லை.

அடுப்பை அணைத்தார் என்று சொன்னேனே, அந்த ஆயாவிடம்தான் நானும் வந்த வாரமே 'சொந்த ஊர் எது' என்று கேட்டுத் தொலைத்தேன். "டிக்கோயா" என்று இங்கே பக்கத்து ஊரைச் சொன்னார், அவ்வளவுதான். மூன்று வருடம் கழித்து நான் திருச்சிக்குக் கிளம்பிய அன்று, அவராகவே வந்து, தாத்தா துறையூர்ப் பக்கம் என்று சொல்லுவாராம், அந்த வழியாகப் போனால் ஒரு போட்டோ எடுத்துவா புள்ள என்றார். எந்தக் கிராமம் என்று அவருக்குத் தெரியவில்லை. துறையூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, எதை எடுப்பது என்று புரியாமல், ரோட்டையும் ஒரு வேப்ப மரத்தையும் எடுத்துக்கொண்டு வந்தேன். போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு, "இந்த வெயில்ல எப்படித்தான் இருக்கீங்களோ" என்றார்.