சிங்கராஜக் காட்டுக்குச் சித்தப்பாவோடு போகிறவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போனால் கோயில், செத்த வீடு, காணிக் கதை என்று நாட்கள் கரைந்துவிடும். அதற்குள் ஒரு நாளைக் களவெடுத்துச் சிங்கராஜ மழைக்காட்டில் பறவை பார்க்க நினைப்பவர்கள் முதல் நாளே தெற்கே போய், காட்டின் குடாவ வாசலுக்குக் கிட்டப் படுத்துவிடுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து விடிய வெளிக்கிட்டுப் போய்ச் சேரக்கூடிய தூரமில்லை. "இங்க இல்லாத குருவியோ?" என்று வீட்டில் கேட்பார்கள். இலங்கையில் மட்டுமே வாழும் காட்டுப் பறவைகளில் அநேகமானவற்றை அங்கே பார்க்கலாம் என்று சொல்லிப் பாருங்கள், எடுபடாது.

வாசல் திறக்கும் நேரத்திலேயே உள்ளே போய்விட வேண்டும். இந்தக் காட்டில் பல இனங்கள் ஒன்றாகக் கூட்டம் சேர்ந்து மேயும். செம்மஞ்சள் சொண்டுப் புலுனிகள் கலகலவென்று முன்னே போகும். எங்கள் வேலிப் புலுனியின் சொந்தம்தான். கொண்டை வைத்த இரட்டைவால் குருவி காவல் பார்க்கும். அவற்றோடு செம்முக மல்கோகாவும், சிவந்த சொண்டும் செம்பழுப்புத் தலையுமாக நீல மக்பையும் வரும். அரை மணி நேரம் ஒரு சத்தமும் இல்லாத மரங்களில் திடீரென்று எங்கே பார்ப்பது என்று தெரியாது. வெயில் ஏறினால் அடங்கிவிடும்.

அந்த நேரத்தில் நாங்கள் சீட்டுக் கொடுக்கும் இடத்தில் நின்றோம்.

இலங்கையருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்கு அதைப்போலப் பல மடங்கு. நான் கடவுச்சீட்டை எடுத்து நீட்டினேன். சித்தப்பா அதைத் தட்டிவிட்டு, ஒரு பொலித்தீன் பையைத் திறந்தார். உள்ளே என் பிறப்புச் சான்றிதழ். அதன் கீழே, நான் விட்டுவிட்டுப் போன பழைய அடையாள அட்டை. இத்தனை வருடமும் அலுமாரியில் வைத்திருந்திருக்கிறார். "எங்கட பெடியன், இஞ்ச பிறந்தவன்" என்று பாதிச் சிங்களத்தில் தொடங்கினார். அங்கிருந்தவர் பொறுமையாக அட்டையையும் என் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். அவரில் பிழையில்லை. வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தால் இலங்கைக் குடியுரிமை போய்விடும். இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்து எடுத்தவர்களுக்கு மட்டும்தான் அது மிஞ்சும். சித்தப்பாவுக்கு அந்தச் சட்டத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் விடவில்லை. மேலதிகாரியைக் கூப்பிடச் சொன்னார், என் அப்பாவின் பெயரைச் சொன்னார், பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னார். வழிகாட்டி மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றார். எங்களுக்குப் பிறகு வந்த வெள்ளைக்காரச் சோடி ஒன்று நீல மக்பையைப் படமெடுத்துக்கொண்டு திரும்பியும் வந்துவிட்டது.

இரட்டைக் குடியுரிமை இருந்தால் அதன் பத்திரத்தைக் கையோடு கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் உறவினரைத் தேத்தண்ணீர் குடிக்க அனுப்பிவிட்டுச் சத்தமில்லாமல் வெளிநாட்டு விலையைக் கட்டுங்கள். அந்த வித்தியாசம் எனக்கு லண்டனில் ஒரு மத்தியானச் சாப்பாட்டுக் காசு. சித்தப்பாவுக்கு அது அப்படியில்லை. அவர் வாதாடியதும் காசுக்காக மட்டுமில்லை. சண்டைக் காலம் முழுக்க ஊரை விட்டு அசையாத மனிதர்.

உள்ளே போனபோது பறவைக் கூட்டம் கலைந்திருந்தது. ஆராய்ச்சி நிலையம் வரை, 1970களில் மரம் வெட்டி ஏற்றப் போட்ட பாதையில் நடந்தோம். 1988இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட இடத்துக்கு அந்த லொறிப் பாதைதான் இன்றைக்கும் நல்ல வழி. பச்சைச் சொண்டுச் செண்பகத்தின் குரலை வழிகாட்டிக்கு முன்னரே பிடித்தவர் சித்தப்பா. "எங்கட செண்பகம் இப்பிடிக் கூவாது" என்றார். பறவை கண்ணில் படவில்லை.

மற்றவை சுருக்கமாக. வழிகாட்டி இல்லாமல் போக விடமாட்டார்கள். பறவைப் பெயர்கள் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும்தான் வரும். ஜனவரியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை மழை ஒப்பளவில் குறைவு. பிள்ளைகளின் கோடை விடுமுறையை நம்பிப் போனால் நனைவீர்கள். இரத்தம் குடிக்கும் அட்டை எந்த மாதமும் காலில் ஏறும்.

முடிந்தால் இரண்டு இரவு தங்குங்கள். 2001இல் முதன்முதலாகக் கண்ணில் பட்டு, 2004இல் புது இனமென்று விவரிக்கப்பட்ட செரண்டிப் ஆந்தை இந்தக் காட்டிலும் இருக்கிறது. அது இரவுப் பறவை. எப்போது திரும்புகிறாய் என்று ஊரிலிருந்து தொலைபேசி வந்துகொண்டே இருக்கும். திரும்பும் தேதியை ஒரு நாள் தள்ளியே சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.