தவணையில் வீட்டை விற்பவர் கவனிக்க வேண்டியவை: வாங்கியவர் பாதியில் பணத்தை நிறுத்திவிட்டால்

பெங்களூரில் இருபதுக்கு முப்பது சைட்டில் சிறுகச் சிறுகக் கட்டிய வீட்டை விற்க நினைக்கும் எல்லோருக்கும் வங்கிக் கடன் கையில் வைத்திருக்கும் ஆள் கிடைத்துவிடுவதில்லை. வீடு, மாநகராட்சியின் முறையான ஒப்புதல் இல்லாத சொத்துகளுக்கான பதிவேடான பி-காத்தாவில் இருந்தால் பல வங்கிகள் கடன் கொடுக்கத் தயங்குகின்றன. வாங்க வருபவர் சிவாஜிநகரிலோ ஸ்ரீராமபுரத்திலோ கடை வைத்துப் பிழைப்பவராக இருந்தால், சம்பளச் சீட்டு இல்லை என்ற காரணத்துக்காகவே திருப்பி அனுப்பப்படுகிறார். அந்த நிலையில், பாதிப் பணத்தை இப்போது வாங்கிக்கொள்ளுங்கள், மீதியை மூன்று வருடத்தில் மாதாமாதம் கட்டிவிடுகிறேன் என்று அவர் கேட்கும்போது, இரண்டு வருடமாக வீடு விற்காமல் இருப்பவருக்கு அது நல்ல வழியாகவே தெரியும். அது கெட்ட வழி என்று நான் சொல்லவில்லை. ஆனால் எந்தத் தாளில் எந்த வரிசையில் கையெழுத்துப் போடுகிறோம் என்பதைப் பொறுத்தே பின்னால் வரும் கஷ்டம் முழுவதும் அமைகிறது.

என் பெரியப்பா ராமமூர்த்திநகர் பக்கத்தில் இருந்த தம் வீட்டை 40 லட்சத்துக்கு விற்றார். கையில் வந்தது 22 லட்சம். மீதி 18 லட்சத்துக்கு, ஒவ்வொன்றும் 50,000 ரூபாய் என்று 36 காசோலைகளை வரும் மாதங்களின் தேதியிட்டு வாங்கி, ரப்பர் பேண்ட் போட்டு ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தார். கிரயப் பத்திரத்தை அன்றைக்கே பதிந்து கொடுத்தார். பத்திரம் எழுதியவர் வழக்கம்போல, 'கிரயத் தொகை முழுவதையும் பெற்றுக்கொண்டேன், இனி பாக்கி ஏதும் இல்லை' என்று ஒரு வரி போட்டிருந்தார். பதிவு அலுவலகத்தில் கேள்வி வராமல் இருக்க எல்லோரும் இப்படித்தான் எழுதுகிறார்கள் என்று சொன்னதை அவரும் நம்பிவிட்டார். 11 காசோலைகள் பணமாயின. பன்னிரண்டாவது, கணக்கில் பணம் இல்லை என்று திரும்பி வந்தது.

அந்த ஒரு வரி எவ்வளவு கெடுதல் செய்தது என்பதைப் புரிந்துகொள்ள, சட்டம் விற்பனையை எப்படிப் பார்க்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 54ஆவது பிரிவில், விலையைக் கொடுத்து முடித்தாலும், கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருந்தாலும், பாதி கொடுத்துப் பாதிக்கு வாக்களித்திருந்தாலும், அது விற்பனைதான் என்கிறது. ஆகவே பத்திரம் பதிவாகிவிட்டால், பாக்கி நின்றாலும் வீடு வாங்கியவருடையதாகிவிடுகிறது. மீதிப் பணம் வரவில்லை, எனவே பத்திரத்தை ரத்து செய்யுங்கள் என்று நீதிமன்றத்துக்குப் போவோர் பெரும்பாலும் தோற்கிறார்கள். சூரத் மாவட்ட நிலம் ஒன்றைப் பற்றிய தாஹிபென் வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது: விலையில் ஒரு பகுதி வராதது கிரயத்தை ரத்து செய்யும் காரணமாகாது, விற்றவருக்கு உள்ள வழி பாக்கியை வசூலிப்பது மட்டுமே. அந்த வழக்கிலும் விலை காசோலைகளாகத்தான் எழுதப்பட்டிருந்தது. பத்திரம் பதிவானது 2009இல், வழக்குப் போட்டது 2014இல்.

வசூலிப்பதற்கு அதே சட்டம் ஒரு பிடியைத் தந்திருக்கிறது. 55ஆவது பிரிவின்படி, உரிமை கைமாறிய பின்னும் பாக்கி நின்றால், அந்தப் பாக்கிக்கும் அதற்கான வட்டிக்கும் வீட்டின் மேலேயே விற்றவருக்கு ஒரு பொறுப்புரிமை உண்டு. தேவைப்பட்டால் நீதிமன்றம் வழியாக வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவந்து பணத்தை எடுக்கலாம். ஆனால் இந்த உரிமை, வாங்கியவருக்கும், அவரிடமிருந்து இலவசமாகப் பெற்றவருக்கும், பாக்கி இருப்பது தெரிந்தே வாங்கியவருக்கும் எதிராகத்தான் செல்லும். பத்திரத்தில் முழுத் தொகையும் வந்துவிட்டதாக எழுதியிருந்தால், அதைப் படித்துவிட்டுக் கடன் கொடுத்தவரிடம் போய், உனக்குப் பாக்கி இருப்பது தெரியும் என்று எப்படிச் சொல்ல முடியும்? பெரியப்பாவுக்கு நடந்தது அதுதான். காத்தா வாங்கியவர் பெயருக்கு மாறிய கொஞ்ச நாளில், அவர் அந்த வீட்டை ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் அடமானம் வைத்துவிட்டார். பிறகு, சொத்தின் மேலுள்ள பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றில் தெரிந்தது அந்தச் சங்கத்தின் பெயர். பெரியப்பாவின் பெயர் எங்குமே இல்லை.

ஆகையால், கிரயத்தை முன்னால் முடித்துவிட்டுப் பணத்தைப் பின்னால் வாங்குவதாக இருந்தால், இரண்டு காரியங்களை ஒரே நாளில் செய்ய வேண்டும். கிரயப் பத்திரத்தில் வந்தது எவ்வளவு, வர வேண்டியது எவ்வளவு, எந்தத் தேதிக்குள் வர வேண்டும், எந்தக் காசோலை எந்த எண் என்பதை உள்ளபடியே எழுத வேண்டும். அதே சார்பதிவாளர் அலுவலகத்தில், அடுத்த எண்ணில், வாங்கியவர் அந்த வீட்டைப் பாக்கித் தொகைக்காக உங்களுக்கு அடமானம் எழுதிப் பதிந்து தர வேண்டும். இதற்கு முத்திரைக் கட்டணமும் பதிவுக் கட்டணமும் தனியாக ஆகும் என்பதால் இரு தரப்பும் தயங்குவார்கள். தயவுசெய்து தயங்காதீர்கள், அந்தச் செலவை வாங்குபவர் ஏற்க மறுத்தால் நீங்களே ஏற்றாலும் நஷ்டமில்லை. பதிந்த அடமானம் வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். கர்நாடகத்தில் காவேரி இணையதளத்தில் யார் சான்று எடுத்துப் பார்த்தாலும் கண்ணில் படும். எனக்குத் தெரியாது என்று அப்புறம் யாரும் சொல்ல முடியாது. ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: வங்கிகள் 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டத்தைக் கொண்டு நோட்டீஸ் ஒட்டி வீட்டை எடுத்துக்கொள்வதைப் போலத் தனிநபர் எடுக்க முடியாது. அடமானம் இருந்தாலும் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, முதல்நிலைத் தீர்ப்பு, இறுதித் தீர்ப்பு என்று படியேறித்தான் ஏலத்துக்குப் போக வேண்டும்.

என்னைக் கேட்டால் நான் சொல்வது இன்னொரு வழி: பணம் முழுவதும் வரும்வரை கிரயத்தைப் பதியவே வேண்டாம், கிரய ஒப்பந்தத்தை மட்டும் பதியுங்கள். பெங்களூர் வளர்ச்சிக் கழகமான பி.டி.ஏ. தன் மனைகளை ஒதுக்கும்போது குத்தகையும் விற்பனையும் கலந்த ஒப்பந்தம் போட்டு, நிபந்தனைகள் நிறைவேறிய பிறகே முழுக் கிரயம் எழுதிக் கொடுத்து வந்ததை இந்த ஊரில் பழைய ஆட்கள் அறிவார்கள். அரசு அமைப்பே உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டது என்றால், ஓய்வூதியத்தில் வாழும் ஒருவர் அதைவிடத் தாராளமாக இருக்க வேண்டியதில்லை.

இந்த வழியில் சிக்கல் வருவது சாவியைக் கொடுக்கும் இடத்தில். ஒப்பந்தத்தோடு வீட்டின் சுவாதீனத்தையும் கொடுத்தால், கர்நாடக முத்திரைச் சட்டப்படி ஏறக்குறைய முழுக் கிரயத்துக்குரிய கட்டணத்தைக் கட்ட வேண்டியிருக்கும். அது பின்னால் கிரயத்தில் கழிக்கப்படும். அதைவிடப் பெரிய விஷயம், சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 53ஏ பிரிவு. எழுத்து ஒப்பந்தத்தின் பேரில் வீட்டுக்குள் வந்து, தன் பங்கைச் செய்யத் தயாராக இருப்பவரை, கிரயம் ஆகவில்லை என்று சொல்லி வெளியேற்ற அந்தப் பிரிவு அனுமதிப்பதில்லை. 2001 செப்டம்பர் முதல், ஒப்பந்தம் பதிவாகியிருந்தால்தான் இந்தப் பாதுகாப்பு. தவணையை நிறுத்தியவர் தயாராக இருந்தவர் அல்லர் என்று நீங்கள் வாதிடலாம், வெல்லவும் செய்யலாம். ஆனால் அந்த வாதம் முடியும்வரை அவர் உள்ளே, நீங்கள் வெளியே. முடிந்தால் பாதிக்கு மேல் பணம் வந்த பிறகே சாவியைக் கொடுங்கள். முன்னதாகவே குடிவர வேண்டும் என்றால், அதைத் தனி வாடகை ஒப்பந்தமாக, மாத வாடகை, கால அளவு எல்லாம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பவர், அதாவது உங்கள் சார்பில் செயல்படும் அதிகாரப் பத்திரம், எழுதிக் கொடுத்துவிட்டால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். பவர் மூலம் உரிமை மாறாது என்று 2011இல் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, ஆனால் அந்தப் பவரைக் கையில் வைத்துக்கொண்டு மூன்றாம் நபருக்கு விற்று உங்களை அலையவிட முடியும்.

ஒப்பந்தத்தில் தவணைத் தேதிகள் கட்டாயமானவை என்றும், எத்தனை தவணை தவறினால் ஒப்பந்தம் முடியும் என்றும், அதற்கு முன் எத்தனை நாள் நோட்டீஸ் என்றும் எழுதுங்கள். நிலம், வீடு விஷயத்தில், அப்படித் தெளிவாக எழுதாவிட்டால் நீதிமன்றங்கள் தேதியைக் கறாராக எடுத்துக்கொள்வதில்லை. கட்டிய பணம் அத்தனையும் எனக்கே என்று மட்டும் எழுதாதீர்கள், எழுதினாலும் நிற்காது. டெல்லி பங்களா ஒன்றை 1949இல் விற்க ஒப்புக்கொண்ட ஒருவர், வாங்குபவரிடம் பெற்ற 25,000 ரூபாயையும் வைத்துக்கொள்ளப் பார்த்தார். 1963இல் ஃபதே சந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் அச்சாரமாகக் கொடுத்த 1,000 ரூபாயைத்தான் அவ்வாறு வைத்துக்கொள்ளலாம் என்றது. இது நியாயம்தான் என்று நான் நினைக்கிறேன். 30 லட்சம் கட்டிய பிறகு தொழில் நொடித்துப்போன மனிதருக்கும் குடும்பம் இருக்கிறது. அச்சாரம் இவ்வளவு, வீட்டில் இருந்த மாதங்களுக்கு வாடகை இவ்வளவு, மீதியை வேறு ஆளுக்கு விற்ற பிறகு திருப்பித் தருவேன் என்று எழுதினால், அவரும் வழக்குக்குப் போகாமல் சாவியைக் கொடுக்கும் வாய்ப்பு அதிகம்.

வருமான வரியை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. கிரயம் பதிவான ஆண்டிலேயே, வராத தவணைகளையும் சேர்த்து முழு விலைக்கும் மூலதன ஆதாய வரி கணக்கிடப்படும். வேறு வீடு வாங்கி விலக்குப் பெறுவதற்கான இரண்டு ஆண்டுக் கெடுவும் அன்றே ஓடத் தொடங்கும். தவணையை ரொக்கமாக வாங்குவதும் ஆபத்து: வீட்டு விற்பனைக்கான தொகையை 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால், வாங்கிய அளவுக்கே அபராதம் விதிக்கலாம்.

இனி, தவணை நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் காசோலை திரும்பிய அன்றே காலண்டரை எடுங்கள். வங்கியின் தகவல் கைக்கு வந்த 30 நாளுக்குள் எழுத்து நோட்டீஸ் போக வேண்டும். பெற்ற 15 நாளுக்குள் அவர் கட்டாவிட்டால், அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138ஆவது பிரிவில் புகார் கொடுக்க வேண்டும். காசோலையே அதன் தேதியிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும். பெரியப்பா, அடுத்த வாரம் போடுங்கள் சார், அடுத்த வாரம் போடுங்கள் சார் என்ற பேச்சை நம்பிப் பன்னிரண்டாவது காசோலையைக் காலாவதியாக்கிவிட்டார். தாமதமாக வரும் பணத்தை மறுக்க வேண்டியதில்லை, ஆனால் ஒவ்வொரு முறையும், இது தாமதமாக வந்தது, ஒப்பந்தத் தேதிகள் மாறவில்லை என்று வாட்ஸ்அப்பிலாவது எழுதி அனுப்புங்கள். ஓராண்டு பேசாமல் வாங்கிக்கொண்டிருந்தால், தேதியை நீங்களே தளர்த்திவிட்டதாக எதிர்த்தரப்பு சொல்லும்.

அதே வாரத்தில் வில்லங்கச் சான்றைப் புதிதாக எடுத்துப் பாருங்கள். அவர் வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ முயல்வது தெரிந்தால், பெங்களூர் நகர உரிமையியல் நீதிமன்றத்தில் பாக்கிக்கான வழக்கோடு தடையுத்தரவும் கேளுங்கள். வாங்கியவரிடம் நேராகப் பாக்கி கேட்பதற்கு மூன்று ஆண்டு, வீட்டின் மேலுள்ள பொறுப்பையோ அடமானத்தையோ வைத்து வசூலிப்பதற்கு 12 ஆண்டு என்பது காலவரையறைச் சட்டத்தின் கணக்கு. முதலாவதைத் தவறவிட்டவர்கள் இரண்டாவதை வைத்தாவது போக முடியும்.

கோபத்தில் ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள். ஆள் இல்லாத நேரம் பார்த்துப் பூட்டை மாற்றுவது, மின்சாரத்தைத் துண்டிப்பது, நான்கு பேரை அனுப்பிச் சாமான்களைத் தெருவில் வைப்பது ஆகியவை உங்கள் நல்ல வழக்கைக் கெட்ட வழக்காக்கிவிடும். சட்டப்படி அல்லாமல் வெளியேற்றப்பட்டவர், வீடு யாருடையது என்ற கேள்விக்கே போகாமல், ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டுத் திரும்ப உள்ளே வர குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 6ஆவது பிரிவு இடம் தருகிறது.

வழக்கு தொடுத்த பிறகும் சமரசத்துக்கு இடம் உண்டு. பெங்களூரில் நீதிமன்றத்தின் மத்தியஸ்த மையம் இயங்குகிறது. லோக் அதாலத்தில் முடித்தால் அது தீர்ப்புக்குச் சமம், கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்ப வரும். சமரசத்தில் தொகை, தேதி, தவறினால் என்ன என்பதோடு, கையில் மீதமுள்ள காசோலைகளை எண் வாரியாகத் திருப்பிக் கொடுப்பதையும், முழுத் தொகை வந்ததும் அடமானத்தைத் தீர்த்துப் பதிந்து கொடுப்பதையும் எழுதுங்கள். பெரியப்பாவுக்கு வர வேண்டிய பன்னிரண்டரை லட்சத்தில், நான்காம் ஆண்டில், சங்கத்தின் கடன் போக எட்டு லட்சம் கிடைத்தது. அன்று மாலை அவர் அந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்து, 25 காசோலைகளையும் மேசை மேல் எண்ணி வைத்து, எதிர்த்தரப்பு வக்கீலிடம் ஒரு பட்டியலில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.