இரண்டு சர்வர், ஒரே ஐபி: கீப்அலைவ்டி புதிதாக அமைப்பவர்களுக்கு

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மொத்த மருந்துக் கடைக்கு பில் போடும் சர்வர் அமைத்துக் கொடுத்திருந்தேன். 2011 டிசம்பரில் தானே புயலைப் பார்த்த ஊர் கடலூர். ஒரே மெஷினை நம்ப மனம் வராமல் பக்கத்திலேயே இன்னொன்றும் வைத்தேன். ஆனால் முதல் சர்வர் நின்றால், கடையிலுள்ள எல்லாக் கம்ப்யூட்டரிலும் சர்வரின் ஐபியை, அதாவது நெட்வொர்க் முகவரியை, ஒவ்வொன்றாக மாற்ற வேண்டியிருந்தது. கவுண்டரில் நோயாளிகளின் வீட்டார் நின்றுகொண்டிருக்கும்போது அது சரியில்லை.

இதற்குத்தான் விர்ச்சுவல் ஐபி. இரண்டு சர்வரில் பொறுப்பில் இருப்பது அந்த முகவரியை வைத்திருக்கும். அது விழுந்தால் மற்றது எடுத்துக்கொள்ளும். ஆனால் இடம் மாறுவது முகவரி மட்டுமே. டேட்டாபேஸை இரண்டிலும் ஒன்றுபோல் வைத்திருப்பது தனி வேலை, அதை முதலில் முடித்துவிடுங்கள்.

நம் உதாரணத்தில் சர்வர்கள் 192.168.1.11, 192.168.1.12. விர்ச்சுவல் ஐபி 192.168.1.10. ரவுட்டர் தானாகக் கொடுக்கும் டிஹெச்சிபி வரிசைக்குள் இந்த 10 வரக்கூடாது. வந்தால் ஒருநாள் யாருடைய மொபைலாவது அதைப் பிடித்துக்கொள்ளும்.

அடுத்து, இந்த முகவரியை இடம் மாற்றும் வேலையைச் செய்யும் கீப்அலைவ்டி மென்பொருளை இரண்டு சர்வரிலும் நிறுவுங்கள். அதன் கான்ஃபிக் ஃபைலில் இரண்டிலும் ஸ்டேட் 'பேக்கப்' என்றே எழுதி, 'நோப்ரீஎம்ப்ட்' வரியையும் சேருங்கள். காரணம் கடைசியில் வரும். விர்ச்சுவல் ரவுட்டர் ஐடி, அதாவது இரண்டும் ஒரே ஜோடி என்று காட்டும் அடையாளம், இரண்டிலும் ஒரே எண், உதாரணமாக 51. பிரையாரிட்டி முதலாவதில் 110, இரண்டாவதில் 100; பெரிய எண்ணுக்கே முன்னுரிமை. நெட்வொர்க் கார்டின் பெயரை 'ஐபி ஏ' கட்டளையில் பார்த்து எழுதுங்கள்; முதல் ஃபைலை அப்படியே காப்பி செய்தால் இங்கேதான் தவறும்.

பொறுப்பில் உள்ள சர்வர் விநாடிக்கு ஒருமுறை 224.0.0.18 என்ற மல்டிகாஸ்ட் (பலருக்கு ஒரே நேரத்தில் அனுப்பும்) முகவரிக்கு 'நான் இருக்கிறேன்' என்று அறிவிக்கும். அறிவிப்பு நின்று சுமார் 3.6 விநாடியில் இரண்டாவது சர்வர் எழுந்துகொள்ளும். ஃபயர்வால் இதைத் தடுத்தால் இரண்டுமே தன்னைத் தலைவன் என்று நினைத்து ஒரே ஐபியை எடுத்துக்கொள்ளும். கனெக்‌ஷன் வந்து வந்து போகும். இந்த அறிவிப்பு விஆர்ஆர்பி என்ற 112-ஆம் எண் புரோட்டோகாலில் போகிறது. அதை அனுமதியுங்கள். 112 என்று டிசிபி போர்ட்டைத் திறந்தால் பயன் இல்லை.

இப்போது முக்கியமான கட்டம். மெஷின் உயிரோடு இருக்கும், பில்லிங் சர்வீஸ் மட்டும் செத்திருக்கும். கீப்அலைவ்டிக்குத் தானாக அது தெரியாது. சர்வீஸ் பதில் சொல்கிறதா என்று 2 விநாடிக்கு ஒருமுறை பார்க்கும் சிறு ஸ்கிரிப்டை எழுதி, 'டிராக் ஸ்கிரிப்ட்' பகுதியில் இணைக்க வேண்டும். நான் முதலில் அதற்கு வெயிட், அதாவது ஸ்கிரிப்ட் தோற்றால் பிரையாரிட்டியில் குறைக்கும் அளவு, மைனஸ் 5 கொடுத்திருந்தேன். சர்வீஸ் நின்றதும் 110 குறைந்து 105 ஆனது. அதுவும் 100-ஐ விடப் பெரியது, ஐபி அசையவே இல்லை. ஒரு மாலை முழுக்கக் கடையில் கையால் பில் எழுதினார்கள். வெயிட் வரியையே எழுதாமல் விடுங்கள் என்பது என் யோசனை. அப்போது ஸ்கிரிப்ட் தோற்றால் சர்வர் 'ஃபால்ட்' நிலைக்குப் போய் ஐபியை விட்டுவிடும்.

சரி, சோதனை. 'ஐபி ஏ' கொடுத்தால் ஒரு சர்வரில் மட்டும் 10 தெரிய வேண்டும். அதன் சர்வீஸை நிறுத்திப் பாருங்கள். அப்புறம் கேபிளைப் பிடுங்குங்கள், பவரையும் நிறுத்துங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு கம்ப்யூட்டரில் உண்மையாகவே ஒரு பில் போட்டுப் பாருங்கள், பிங் மட்டும் போதாது.

நோப்ரீஎம்ப்ட் எதற்கென்றால், விழுந்த முதல் சர்வர் கரண்ட் வந்ததும் எழும்போது அதனிடம் பழைய பில்கள்தான் இருக்கும். இந்த வரி இல்லையென்றால் பிரையாரிட்டி அதிகம் என்று உடனே ஐபியைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். டேட்டா சேர்ந்துவிட்டதா என்று நீங்களே பார்த்த பிறகு, கடை சாத்திய நேரத்தில் இரண்டாவதில் கீப்அலைவ்டியை ஒருமுறை நிறுத்தித் தொடங்கினால் பொறுப்பு முதல் சர்வருக்குத் திரும்பிவிடும்.